வேனுக்கு வால்

மருமகன் கோபால்சாமிக்கு மெட்ராஸில் என்ன வேலை என்று யாராவது கேட்டுவிட்டால் வேடியப்பனுக்கு எரிச்சல் வரும். பெரிய குழாய் மாதிரி ஒரு கட்டடமாம். அதற்குள் மரத்தில் செய்த பஸ்ஸை நிறுத்தி, ராட்சத விசிறியால் ஊதி, காற்று எப்படிப் போகிறது என்று பார்ப்பார்களாம். இதற்குச் சம்பளம் வேறு. "உன் வூட்டுக்காரரு காத்து ஊதிட்டு வந்துருக்காரு, சோறு போடு" என்று மகள் பாஞ்சாலையிடம்தான் சொல்வார். கல்யாணமான நாள் முதலாய் அவனை நேராக மாப்ள என்று கூப்பிட்டதே இல்லை.

இந்தத் தடவை அவன் வந்தபோது கிழவர் பாடு திண்டாட்டமாக இருந்தது. களத்தில் சாமையை மிதித்துக் குவித்து, சுற்றிச் சாம்பல் கோடும் போட்டாகிவிட்டது. கோடு போட்ட குவியலைத் தூற்றாமல் இடம் மாற்றுவது அந்த ஊரில் வழக்கமில்லை. மேல்காற்றும் நன்றாகத்தான் வீசியது. ஆனால் காற்று வரும் பக்கத்தில், களத்தை ஒட்டி, புளி வியாபாரி வடிவேலுவின் வேன் ஆக்சில் உடைந்து நின்றது. மூட்டை ஏற்ற வசதியாக இருக்கும் என்று அதைக் கிட்டே வரவழைத்த புண்ணியவான் வேடியப்பனேதான். விளைச்சல் பெருகட்டும் என்று அவர் 'பொலி, பொலி' சொல்லித் தூற்றத் தூற்ற, பதர் வேனுக்குப் பின்னால் சுழன்று சாமை மேலேயே விழுந்தது. அமிர்திக் காட்டுப் பக்கம் வானம் கறுத்தது. நனைந்தால் வருஷச் சாப்பாடு போச்சு.

கோபால்சாமி வேனின் பின்பக்கம் முழுக்க நூல் துண்டுகளைக் கட்டினான்.

"இன்னா பாஞ்சாலை, வேனுக்குக் காப்பு கட்றாரா?"

நூல்கள் பறக்காமல் வேன் பக்கமாகவே மடங்கின. "பின்னால மொட்டையா இருக்குதுங்க மாமா. அதான் காத்து திரும்புது. எங்க பஸ்ஸுக்கும் இதே தொல்லைதான். வால் மாதிரி கட்டுனா சரியாப் போவும்."

மூங்கில் தட்டிகளைப் பின்னோக்கிக் குறுகும்படி இருபக்கமும் மேலேயும் கட்டினான். முதலில் மேல்தட்டி பிய்த்துக்கொண்டு வந்து மாமனாரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. அவர் முறைத்தார். அவன் இறுக்கிக் கட்டினான். நூல்கள் நேராக நீண்டன.

வேடியப்பன் ஒரு முறம் தூற்றினார். சாமை காலடியில் விழ, பதர் களத்தைத் தாண்டிப் போனது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொலி சொல்வது வீட்டுப் பெரியவரின் உரிமை. அவர் வாய் திறந்தார், மூடிக்கொண்டார். முறத்தை மருமகனிடம் நீட்டினார்.

"மாப்ள, பொலி நீங்க சொல்லுங்க."