வெளிவட்டத்து எட்டு நட்டுகள்

“இந்தச் செவப்ப எந்தக் கம்னாட்டி அழிச்சது?”

கேட்டவன் பட்டாளத்து ஆள். ஒரகடம் கூட்டுரோட்டில் வாலாஜாபாத் பஸ்ஸுக்காக நின்றவன், தகரப் பெட்டியை டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டுப் பக்கத்துக் கொட்டகைக்குள் வந்திருந்தான். அங்கே கம்பியில் ஒரு ஜீப் சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் அடித்த பச்சை பெயிண்ட் இன்னும் விரலில் ஒட்டியது.

கொட்டகைக்காரன் நடேசனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடை போர்டுக்கும் மாட்டு வண்டிக்கும் பெயிண்ட் அடித்துப் பிழைக்கிறவன். யாரோ வழிப்போக்கன் வந்து தொழிலில் குற்றம் சொன்னால்?

“நாந்தான் அழிச்சேன். இன்னா இப்போ? உங்க ஊட்டுச் செவப்பா?”

“பதினோரு வருசமா பட்டாளத்து ஒர்க்‌ஷாப்புல இந்த வண்டியத்தான் பிரிச்சிக்கினு கீறேன். பேரு கிறிஸ்துதாஸ். லீவுல ஊருக்குப் போறேன். சண்டைக்கு வரலப்பா. ஏன் அழிச்சே, அத்தச் சொல்லு.”

நடேசன் சொன்னான். ரோடு கான்டிராக்டர் ரகுபதி பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப் அது. லாரி இறங்காத ஏரிச் சேற்றிலும் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்று வாங்கினார். சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது; எங்கெங்கே அடிபட்டு வந்ததோ, மூக்கெல்லாம் சொட்டை. முழுக்கப் புதுப் பச்சை அடிக்கச் சொன்னார். ஆயுத பூஜை கழிந்து ஒரு மாதம்தான் இருக்கும். சக்கரத்து நட்டுகளில் மட்டும் சிவப்பைப் பார்த்தபோது நடேசனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. சிப்பாய்கள் பூஜை போட்டு வைத்த குங்குமம். குங்குமம் எங்கேயாவது இப்படிக் கெட்டியாக ஒட்டுமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். பட்டாளத்தில் குங்குமத்தைக்கூட பெயிண்டில்தான் வைப்பார்கள் போலிருக்கிறது என்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டான். ஒருத்தர் செய்த பூஜை இன்னொருத்தர் வண்டியில் தங்கக்கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தான். பச்சை காய்ந்த பிறகு தன் தங்கச்சி பாஞ்சாலியை நாலு டயரிலும் புதுசாகச் சந்தனம், குங்குமம் வைக்கச் சொன்னான். ஸ்டெப்னிக்குத்தான் நேரமில்லாமல் போயிற்று. அதுதான் இப்போது தொங்குகிறது.

கிறிஸ்துதாஸ் சிரிப்பான் என்று பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. சக்கரத்தின் நடுவில் விரல் வைத்தான்.

“இங்க நட்டு போட அஞ்சு ஓட்ட. இந்த அஞ்சுதான் சக்கரத்த வண்டியோட புடிக்கும். வெளிய வட்டமா எட்டு நட்டு கீதே, அது வேற. இந்தச் சக்கரம் ஒரே தட்டு இல்லப்பா, ரெண்டு தட்டு. நடுவுல டயர். ரெண்டையும் சேத்துப் புடிக்கிறது இந்த எட்டு. உள்ள காத்து இருக்கசொல்லோ இத்தக் கழட்டினா, முன்தட்டு தெறிச்சி வந்து மூஞ்சில அடிக்கும். எங்க யூனிட்ல ஒருத்தன் கழட்டினான். தாடையே இல்ல. தொடாதேன்னு சொல்லத்தான் செவப்பு.”

நடேசன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

“மத்த நாலு சக்கரமும்?” என்றான் கிறிஸ்துதாஸ்.

“பச்சதான்.”

“வண்டி எங்க?”

நடேசன் ரோட்டின் பக்கம் கையைக் காட்டி, நடந்ததைச் சொன்னான். காலை ஒன்பது மணிக்கு ஒரு வண்டிக்காரன் வந்து சொல்லிவிட்டுப் போனான். சேரப்பணஞ்சேரி ஏரிக்கரையில் ஜீப் நின்றுவிட்டது, ஏரி வழிந்தோடும் கலங்கல் தண்ணீரில் இறங்கி ஏறியதில் முன்சக்கரத்து பிரேக் பிடித்துக்கொண்டது, சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும், நட்டு அசையவில்லை, ஸ்பானரில் சொருகி மிதிக்க நீளமாக ஒரு பைப் வேண்டும். அந்தப் பைப்பை நடேசன்தான் தேடி எடுத்தான். சோற்றுத் தூக்கோடு அதையும் பாஞ்சாலி கையில் கொடுத்து, படப்பை பஸ்ஸில் ஏற்றிவிட்டான். வண்டி ஓட்டுகிறவன் அவள் புருஷன் மண்ணாங்கட்டி. அவனுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்காமல் போனதால் எமன் கண்ணில் படாதிருக்க வைத்த பேர்.

அவனுக்கு ரகுபதியிடம் வேலை வாங்கிக் கொடுத்ததும் நடேசன்தான்.

“எங்க மாப்ள லாரியில கிளீனரா இருந்து டிரைவர் ஆனவன்,” என்றான்.

“லாரிக்காரனா? லாரியில வெளிவட்டத்து நட்டுதான் சக்கரத்தப் புடிக்கும். அப்போ இதுலயும் அத்தத்தான் கழட்டுவான்.” கிறிஸ்துதாஸ் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வேகமாகப் பேசினான். “பிரேக் புடிச்சிக்கினு ஓட்டிகீறான், வெயில்ல வேற நிக்குது, சூட்டுல காத்து ஊதிக்கினு இருக்கும். வால்வு ஊசிய அமுக்கிக் காத்த முழுசா எறக்கிடு. அப்பறம் தொடு. புரிஞ்சிதா?”

பஸ் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவன் ஜன்னலில் தலையை நீட்டினான். “எதிர்ல நிக்காத! பக்கவாட்டுல இரு!”

டீக்கடைக்காரரின் சைக்கிளைக் கேட்காமலே எடுத்தான் நடேசன். அவர் பின்னால் கத்தியது காதில் விழுந்தது, நிற்கவில்லை. ஐந்து மைலுக்குக் கொஞ்சம் குறைவு. எதிர்க்காற்று. பாஞ்சாலி போய்ச் சேர்ந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டான். பஸ் முக்கால் மணி முன்பு போயிற்று. இறங்கிக் கரை மேல் அரை மணி நடை. அவள் வேகமாக நடப்பவள். சனியன், ஏன்தான் அவ்வளவு வேகமாக நடக்கிறாளோ. வழியில் யாரையாவது பார்த்துப் பேசிக்கொண்டு நின்றிருக்கட்டும். செருப்பு அறுந்திருக்கட்டும். பைப்பைப் பஸ்ஸிலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கியிருக்கட்டும். அவள் எதையும் மறப்பவள் இல்லை.

மண் ரோட்டில் திரும்பும்போது வெடிச்சத்தம் கேட்டது. சைக்கிள் தானாக நின்றது. கால் தரையில் ஊன்றவில்லை, சாய்ந்து விழுந்தான். முழங்கையில் தோல் உரிந்தது. இரண்டாவது சத்தம் வந்தது. மூன்றாவது. கல்குவாரியில் பன்னிரண்டு மணி வேட்டு. தினமும் கேட்கிற சத்தம்தான். சத்தம் எத்தனை என்று எண்ணினான். குவாரி வேட்டு நடுவே வேறு ஒன்று வெடித்திருந்தால் எப்படித் தெரியும்? எழுந்து மிதித்தான். வாயில் மண் கரகரத்தது.

கரை ஏறியதும் ஜீப் தெரிந்தது. முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நின்றது. சக்கரத்துக்கு நேர் எதிரில் மண்ணாங்கட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மூஞ்சிக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம் இருக்காது. பாஞ்சாலி பக்கத்தில் நின்று பைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“மாப்ள! வுடு! கைய எடு!”

மண்ணாங்கட்டி திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். “வா மச்சான். உன் தங்கச்சிக்கு வலு பத்தல, நீ வந்து ஒரு மிதி மிதி. உள்ள கீற அஞ்சும் மசியல. வெளிய எட்டுல அஞ்சு சுளுவா வந்துட்சி. ஆறாவதுதான் மக்கர் பண்ணுது.”

“மவனே, எந்திரிடா அங்கிருந்து!”

“இன்னாத்துக்கு ஏசுற? பிரஷ்ஷு புடிக்கிறவன் எனக்கு ஸ்பானர் புடிக்கக் கத்துத் தரியா?” அவன் முகம் சுண்டிவிட்டது. பெண்டாட்டி எதிரில் அதட்டினால் எவனுக்குப் பொறுக்கும்? வேண்டுமென்றே பைப்பை இன்னொரு தடவை அழுத்தினான். நட்டு அசையவில்லை. ஆனால் சக்கரத்துக்குள் எங்கேயோ ‘ணங்’ என்று ஒரு சத்தம் வந்தது.

மூன்று பேருக்கும் கேட்டது.

சக்கரத்து விளிம்பில், நட்டு போன பக்கம், இரண்டு தட்டுக்கும் நடுவில் ஒரு நகம் நுழைகிற அளவு வாய் திறந்திருந்தது.

“அது ரெண்டு தட்டுடா,” என்றான் நடேசன். இப்போது கத்தவில்லை. கத்தினாலே வெடித்துவிடும் போல இருந்தது. “காத்து அத்தத் தள்ளிக்கினு கீது. மூணு நட்டுதான் புடிச்சிக்கினு கீது. தெறிச்சா உன் தல இருக்காது. பைப்ப அப்படியே வுட்டுட்டுப் பக்கவாட்டுல நவுரு. பாஞ்சாலி, கரைக்கு அந்தாண்ட போ.”

மண்ணாங்கட்டி அந்த வாயைப் பார்த்தான். கையை எடுத்தான். குத்துக்காலிட்டபடியே நண்டு மாதிரி ஒதுங்கினான். பாஞ்சாலி போகவில்லை. புருஷனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கினாள்.

நடேசன் சக்கரத்துக்குப் பக்கவாட்டில், டயரின் பல் தெரிகிற பக்கமாக மண்ணில் மல்லாந்து படுத்தான். தலையைத் தள்ளி வைத்து, வலது கையை மட்டும் சக்கரத்தின் முன்னால் நீட்டினான். வெயிலில் காய்ந்த ரப்பரில் இருந்து சூடு அடித்தது. கை போனால் கையோடு போகட்டும் என்று நினைத்தான். நினைத்த பிறகு அது பெயிண்ட் அடிக்கிற கை என்பதும் நினைவுக்கு வந்தது. வால்வைத் தடவிப் பிடித்தான். மூடி திரும்பவில்லை. அதன் மேலும் பச்சை. அவனே ஒரு இடம் விடாமல் வழித்து அடித்த பச்சை, மரையோடு இறுகிக் கிடந்தது.

“மாப்ள, குறடு!”

குறடு மண்ணில் உருண்டு வந்தது. இழுத்துவிடாமல், அசைத்துவிடாமல் மூடியைக் கவ்வினான். ஒரு தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை குறடு தட்டில் மோதி ‘டக்’ என்றது. மூன்றாவது தடவை பெயிண்ட் பெயர்ந்து மூடி திரும்பியது.

ஊசியை அமுக்க ஒரு சுள்ளியைப் பிடித்தான். காற்று சீறியது. மணிக்கட்டில் வேகமாக அடித்தது. அது இவ்வளவு நேரம் சீறும் என்று அவன் நினைக்கவில்லை. நடுவில் சுள்ளி ஒடிந்தது, இன்னொன்று தேடினான். தட்டுகள் முனகின. மெல்ல மெல்ல அந்த வாய் சிறுத்தது. சத்தம் ஓய்ந்த பிறகும் சுள்ளியை எடுக்காமல் படுத்தே கிடந்தான்.

மண்ணாங்கட்டி கரை மேல் வந்து நின்றான். உதடு வெளுத்திருந்தது.

“எனக்கு இன்னா தெரியும் மச்சான்? எல்லாம் ஒரே பச்சையா இருந்துச்சி.”

நடேசன் எழுந்து உட்கார்ந்தான். சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியாது. பட்டாளத்துக்காரன் வாலாஜாபாத் பஸ்ஸில் போய்விட்டான். ஆனால் பாஞ்சாலி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த எட்டும் செவப்பாத்தான் இருந்துச்சி,” என்றான். “தொடாதேன்னு அர்த்தமாம். நான் குங்குமம்னு நெனச்சித் தேச்சி எடுத்துட்டேன்.”

மண்ணாங்கட்டிக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது. சோற்றுத் தூக்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். மூடியைத் திறந்து, மறுபடி மூடினான்.

“நட்டுக்கு மட்டும் ஏன் செவப்புன்னு கேக்கலியா?” என்றாள் பாஞ்சாலி.

“கேக்கல.”

“ஒருத்தரையும்? ரகுபதி ஐயாவக்கூட?”

“கேக்கத் தோணல.”

“அதுக்கு மேல என்னிய வுட்டுக் குங்குமம் வெக்கச் சொன்ன. நானும் வெச்சேன்.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நடேசனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். “வண்டி சாயங்காலத்துக்குள்ள போயாவணும். சக்கரத்த நீயே கழட்டு. அவரு தொட மாட்டாரு.”

“மச்சானுக்கு இன்னா தெரியும், நானே—” என்று எழுந்தான் மண்ணாங்கட்டி.

“நீ ஒக்காரு,” என்றாள் பாஞ்சாலி.

அவன் உட்கார்ந்தான்.

நடேசன் ஐந்து நட்டையும் பொறுக்கி வெளிவட்டத்தில் பூட்டினான். பிறகு சக்கரத்தின் எதிரில், மண்ணாங்கட்டி முதலில் உட்கார்ந்திருந்த அதே இடத்தில், அதே ஒரு முழத்தில் உட்கார்ந்தான். டயரைக் கட்டைவிரலால் அமுக்கினான். குழைந்தது. காற்று துளியும் இல்லை என்று தெரியும். இன்னொரு பக்கமும் அமுக்கிப் பார்த்தான். பிறகு நடுவில் இருந்த ஐந்தில் ஒன்றில் ஸ்பானரை வைத்து, பைப்பைச் சொருகித் தன் பாரத்தைப் போட்டான். நட்டு கிறீச்சிட்டது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை. கண்ணைத் திறந்து, மறுபடி அழுத்தினான்.