மூடியைத் தவிர எல்லாம் கழற்றினார்கள்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. வீடு மாறிய அன்று கட்டில், பீரோ, நான் என மூவரும் ஏறிப்போன பழைய லாரி நடுவழியில் இருமி இருமி நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி பானெட்டைத் திறந்தார். லோடு பிடிப்பதும் டீசல் போடுவதும் அவர் மனைவி; அன்றும் கூடவே வந்திருந்தார். அந்த அம்மாதான் என்னைத் தேற்றினார்.

"பயப்படாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா விட்டா அதுவே கிளம்பும். அப்புறம் மறுபடியும் நிக்கும்."

அப்படியேதான் நடந்தது. மிச்சக் கதையில் பாதி அந்த அம்மா சொன்னது, மீதி என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: இருள் கவிந்த நெடுஞ்சாலையில் அந்த இரும்பு மிருகம் தன் கடைசி மூச்சை—

(அடித்துவிட்டேன். அன்று மண்டையைப் பிளக்கும் வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: அவளுடைய அப்பா மெக்கானிக். (கதைக்குள் வந்துவிட்டதால் ஓட்டுநரின் மனைவி இனி 'அவள்'தான். எனக்கும் கொஞ்சம் உரிமை வேண்டாமா?) அவர் சம்மதமில்லாமல்தான் இந்த ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். அன்று முதல் மாமனாரும் மருமகனும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. எல்லாம் அவள் வழியாகத்தான்.

லாரி மக்கர் செய்யத் தொடங்கியதும், வேறு மெக்கானிக் கைவைத்தால் தன் மானம் போய்விடும் என்று அப்பா ஞாயிறுதோறும் வந்தார். டீசல் ஃபில்டரை மாற்றினார். பம்பைக் கழற்றி மாட்டினார். டீசல் பைப்பையும் விடவில்லை.

"டீசல் இருக்காம்மா?"

"ஃபுல்லா இருக்குப்பா."

அத்தோடு டேங்க் பக்கம் யாரும் போகவில்லை.

3

(அப்பாவை வில்லனாக்கிப் பார்த்தேன். ஒரு பத்திக்குக்கூட அவர் ஒத்துழைக்கவில்லை.)

ஒரே பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு இரண்டு பேர் எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருப்பார்கள்? ஒரு ஞாயிறு அப்பா அவளைத் தேடாமலே சொன்னார்: "மாப்ள, அந்த ஸ்பேனரை எடுங்க." மருமகன் பதற்றத்தில் திருப்புளியை நீட்டினார். நன்றாகத் திட்டு விழுந்தது. அவள் சமையலறைக்குள் போய் அழுதாள், சந்தோஷத்தில்.

4

வழக்கமாக வண்டி ஆறிய பிறகுதான் டீசல் போடுவாள். நேற்று சனிக்கிழமை, ஓடிவந்த சூட்டோடு பெட்ரோல் பங்கில் நிறுத்தி டேங்க் மூடியைத் திருகினாள். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. திருப்பிப் பார்த்தால், மழைத்தண்ணீர் இறங்கக் கூடாதென்று அவளே மடித்துவைத்த பாலிதீன், மூடியின் சின்னத் துளையை அடைத்துக்கொண்டிருந்தது. டீசல் குறையக் குறைய உள்ளே காற்று வர வழியில்லை. டேங்க் டீசலை விட மறுத்தது, இன்ஜின் பட்டினியில் நின்றது. சும்மா விட்டால் மெல்லக் காற்று கசிந்து மறுபடி கிளம்பியது.

(விஷயம் தெரிந்தவர்கள் முதல் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். வாயைத் திறக்காததற்கு நன்றி.)

பாலிதீனை எடுத்தே ஆக வேண்டும். இன்னொரு தடவை வழியில் நின்றால் லோடு வேறு வண்டிக்கு என்று வழக்கமாக லோடு தரும் பர்னிச்சர் கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆனால் எடுத்துவிட்டால் அப்பா எதற்கு வருவார்?

5

முடிவு ஒன்று: எடுத்துவிட்டு மூச்சு விடாமல் இருக்கிறாள். தன் கைராசி என்று அப்பா பெருமையடிக்கிறார். அடுத்த ஞாயிறு வாசல் காலி.

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறாள். இருவரும் சேர்ந்து அவளைத் திட்டுகிறார்கள். சேர்ந்து! (எனக்கு இதுதான் பிடித்தது. "திட்டு வாங்கப் போறது நீங்களா?" என்று கேட்டாள்.)

முடிவு மூன்று: மற்ற நாளெல்லாம் எடுத்துவைத்து, ஞாயிறு மட்டும் மறுபடி— (முறைத்தாள். ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை.)

6

இன்று ஞாயிறு. அப்பா வந்துவிட்டார். இந்த முறை பையில் இரவு தங்குவதற்கு மாற்றுத் துணியும் இருக்கிறது. அவள் மூடியிலிருந்து எடுத்த பாலிதீனைக் கைக்குள் கசக்கிக்கொண்டு மெதுவாக ஆழம் பார்த்தாள்.

"அப்பா, அந்த டேங்க் பக்கம் ஒரு தடவை பாருங்களேன்."

"அது எதுக்கும்மா இப்ப?" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல். "பம்பைப் பாப்போம்."

"ஆமா மாமா, பம்புதான்," என்றார் கணவர். அவரும் கொஞ்சம் அவசரமாகத்தான் சொன்னார்.

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியென்றால் இவர்களுக்கும் தெரியுமா?

நாளைக் காலையில் பர்னிச்சர் லோடு. இருவரும் பம்பைக் கழற்றத் தொடங்கிவிட்டார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு, பலத்த சிரிப்போடு. பாலிதீன் இன்னும் அவள் கைக்குள்தான்; இனி அவளிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். என் பேச்சை அவள் கேட்பதாக இல்லை.