சாவு வீட்டில் சொல்லாத வார்த்தை

அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் ஒயரைக் கவிநிலா பிளக்கில் சொருகிவிட்டு நிமிர்ந்தபோது, கேட்டுக்கு வெளியே கையில் மாலையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கீழ்பென்னாத்தூர் சித்தப்பா அப்பாதுரை. அப்பாவின் ஒரே தம்பி.

"இவருக்கு யாரு சொன்னது?"

"நான்தான்," என்றாள் அம்மா ரேணுகாம்பாள், அப்பாவின் தலைமாட்டை விட்டு அசையாமல்.

"மறந்துட்டியாம்மா? 'என் சாவுக்குக்கூட வராத'னு அப்பா இவர்கிட்ட சொன்னாரு. இதே கேட்டாண்ட, அப்பா நீலச் சட்டை போட்டுக்கினு நின்னு சொன்னாரு. ஒரு எழுத்து மாறாம சொல்லுவேன்."

சொல்லக்கூடியவள்தான். சொந்தக்காரர்களின் போன் நம்பரைப் போனில் தேடாமலே ஒப்பிக்கிறவள். அம்மாவோ காலையில் போட்ட மாத்திரையை மறுபடியும் போடக் கை நீட்டுகிறவள். அப்பாவின் வார்த்தையைக் காப்பாற்றத் தன்னை விட்டால் ஆளில்லை என்று கவிநிலா நம்பினாள்.

"சண்டை எதுக்குனே நெனப்பில்லடி. மோட்டாருக்கோ என்னமோ. ஆனா வருசாவருசம் கார்த்திகை தீபத்தன்னிக்கு எல்லாரும் மலையப் பாத்துட்டு உள்ள வந்துடுவோம். உங்கப்பா மட்டும் ரோட்டையே பாத்துக்கினு நிப்பாரு. யாருக்குனு எனக்குத் தெரியாதா?"

கவிநிலா சித்தப்பாவைத் திருப்பி அனுப்பிவிடும் முடிவோடு கேட்டுக்குப் போனாள். உள்ளே பேசியது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"மோட்டார் இல்ல பாப்பா, மாட்டுத் தகராறு. 'என் சாவுக்குக்கூட வராத'னு நான்தான் அண்ணனச் சொன்னேன். ஆனா சாவுல அவரு முந்திக்கினாரு."

"நீலச் சட்டை..."

"என்னுது. அண்ணன் எடுத்துக் குடுத்தது."

இத்தனை வருடமாக அவள் பத்திரமாக வைத்திருந்த வாக்கியத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஆள்தான் மாறியிருந்தார். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது.

சித்தப்பா உள்ளே வரவில்லை. சாவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று கூப்பிடும் வழக்கமில்லை. வருகிறவர்கள் தாங்களாகவே நுழைவார்கள். 'வராதே' என்று சொன்னவருக்கு அப்படி நுழையக் கால் எழவில்லை.

கவிநிலா கேட்டின் இன்னொரு கதவையும் திறந்தாள்.

"வாங்க சித்தப்பா," என்றாள், உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.

ஒப்பாரி நின்றது. பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மட்டும் கொஞ்சம் நகர்ந்து, அப்பாவின் தலைமாட்டில் இடம் விட்டாள்.