அண்ணன் வீட்டுக் கதவுக்கு ஒரு மனு

எங்கள் ஊரில் யாரும் சும்மா ஒரு முயற்சியில் இறங்கிவிட முடியாது. முயற்சி அலுவலகத்தில் மனுப் போட்டு, எந்த வகை என்று இங்கிலீஷில் முத்திரை வாங்க வேண்டும்.

மங்கையர்க்கரசிக்கு அண்ணன் வீட்டுக் கதவு திறந்தாக வேண்டும். புதுவீட்டில் பால் காய்ச்சிய அன்று அண்ணன் தணிகாசலத்தைக் கூப்பிட மறந்துபோனாள். ஆறு வருஷமாக அந்தக் கதவு சாத்தியே கிடக்கிறது. இன்னும் பன்னிரண்டு நாளில் மகள் நிறைமதிக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் பெண்ணை எப்படி மணையில் உட்கார வைப்பது?

முதலில் 'ட்ரை' வாங்கினாள். ட்ரை என்றால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். தட்டினாள், வந்தாள். அடுத்தது 'அட்டெம்ப்ட்'. அதற்குக் குமாஸ்தா எட்வின் கூடவே வந்து, பெஞ்சு போட்டு உட்கார்ந்து பார்த்து, "தோல்வி" என்று எழுதிக்கொண்டு போனார்.

"ஸ்ட்ரைவ் தரட்டுமாம்மா?" என்றார் எட்வின். "தினம் போய்த் தட்டலாம். ஆனா குறைஞ்சது இருபது வருஷம்."

"நல்லா இருக்கே சார் நியாயம்! அதுவரைக்கும் என் பொண்ணு மணையிலேயே உட்கார்ந்திருப்பாளா? வேற என்ன இருக்கு?"

"ஸ்ட்ரகிள் இருக்கு. எதிராளி கையெழுத்து வேணும். அவரும் அந்தப் பக்கமிருந்து தள்ளுவார்."

படிவத்தைக் கதவுக்கு அடியில் நுழைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது கையெழுத்தோடு திரும்பி வந்தது. அண்ணனுடைய கோணல் எழுத்தைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவுக்குத் தோள் கொடுத்தாள்.

அவரும் சளைக்கவில்லை. நாலாம் நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பால் காய்ச்சினப்ப என் ஞாபகம் வரலை, இல்ல?"

"தப்புதாண்ணே. கொஞ்சம் உட்கார்ந்துட்டுத் தள்ளுங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு."

"யாருக்கு மூச்சு வாங்குது? நீ தள்ளு!"

கதவு அசையவில்லை. வீடு நகர்ந்தது. தெருவைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் போயிற்று. வழியில் நின்ற சைக்கிள்களை ஜனங்கள் ஓரமாக எடுத்து வைத்தார்கள். போஸ்ட்மேன் பின்னாலேயே வந்து தபால் போட்டார். அரிசி மில் முனையில் மங்கை இடது தோளைக் கொடுத்து வீட்டைத் திருப்பினாள். அங்கே மட்டும் அண்ணன் கொஞ்சம் இளக்கமாகத் தள்ளினார்.

முகூர்த்தத்தன்று காலையில் வீட்டின் பின்பக்கம் கல்யாண மண்டபத்து வாசலில் போய் முட்டியது. தணிகாசலம் பட்டு வேட்டியும் சீர்த்தட்டுமாகக் கொல்லைக்கதவைத் திறந்துகொண்டு நேரே மேடை ஏறினார். மங்கை முதல் டம்ளர் பாலை அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நாதஸ்வரக்காரர் காத்திருந்தார்.

எட்வின் போய் வாசல்கதவைத் தள்ளிப் பார்த்தார். சாத்தித்தான் இருந்தது. "தோல்வி" என்று எழுதி நீட்டினார். மங்கை சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

பந்தியில் அண்ணனுக்குப் பக்கத்தில் வீட்டுக்கும் ஒரு இலை போட்டிருந்தார்கள். அது பாயசம் மட்டும் இரண்டாந்தடவை கேட்டது.