சட்ட வகுப்பில் ஒரு கணக்குப் பாடம்

நாடறிந்த எழுத்தாளர்தான். பல்கலைக்கழகத் தெருவில் நடந்தால் மாணவர்கள் கையெழுத்துக்கு மொய்த்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட அம்மாளுக்கு அன்று கேன்டீனுக்குள் காலெடுத்து வைக்கவே பயம். பின்னே? செய்து வைத்திருந்த காரியம் அப்படி.

விடுதியில் ஒரே அறையில் தங்கிப் படித்த காலத்திலிருந்து கணக்குப் பேராசிரியைதான் அவருக்கு உயிர்த்தோழி. ஒரு நாள் அந்தத் தோழி வகுப்பு மாறிப் போய், சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் முழுக்கக் கணக்கு நடத்தி, வீட்டுப்பாடமும் கொடுத்துவிட்டு வந்தார். “யார்கிட்டயும் மூச்சு விடாதடி, மானம் போயிடும்” என்று கெஞ்சினார். எழுத்தாளரும் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, அதை அப்படியே புது நாவலில் எழுதியும் விட்டார். எழுதும்போது சுகமாகத்தான் இருந்தது; புத்தகம் கடைக்கு வந்த பிறகுதான் தோழிக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. புகழ் வரும், போகும். இவளையும் இழந்துவிட்டால் உரிமையோடு திட்ட யார் இருக்கிறார்கள்?

எழுத்தாளர் கேன்டீனில் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் தோழி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. நாவலை மேசையில் தொப்பென்று போட்டார்.

“இது யாரு கதைடி?”

“மன்னிச்சிடு. ஏதோ புத்தி கெட்டுப்போய்…”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. யாரு கதை?”

“உன் கதைதான்.”

“அப்புறம் எதுக்கு அந்த வரலாற்று வாத்தியார் தன் கதைன்னு பீத்திக்கிறாரு? வேதியியல்காரரு அந்தப் பக்கத்துல கையெழுத்தே போட்டுத் தர்றாரு! இத்தனை பேரு வகுப்பு மாறிப் போயிருக்காங்க, ஒருத்தரும் வாயைத் திறக்கல. நான் மட்டும் வெக்கத்துல செத்துக்கிட்டிருந்தேன்!”

எழுத்தாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்போ கோவம் இல்லியா?”

“இல்லாம? அவமானப்பட்டது நான், பேரு அவங்களுக்கா? எழுந்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு.”

எழுத்தாளர் தயங்கினார். அதைப் பொறுத்துக்கொண்டிருக்கத் தோழியால் முடியுமா? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பெரிய வகுப்புகளில் மைக் இல்லாமல் பழகிய குரல் வேறு.

“எல்லாரும் கேட்டுக்குங்க! இந்தப் புத்தகத்துல வர்ற லூசு நான்தான்! வேற எவருமில்ல!”

கேன்டீனே கைதட்டிச் சிரித்தது. எழுத்தாளருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தோழி உட்கார்ந்து, தன் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டார்.

“அடுத்த நாவல்ல மட்டும் என்னை விட்டுட்டேன்னு வை, அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்.”