மூன்றாவது பாட்டில்

“தினமும் மூணு பாட்டில் தண்ணி. நானே செக் பண்ணுவேன்.”

“தண்ணி குடிக்கவும் சூப்பர்வைசரா? கடையில டைல்ஸ் எண்ணுறது போதாதா உங்களுக்கு?”

கடலூரில் அதிர்வலை சிகிச்சை முடிந்து சிதம்பரம் பஸ்ஸில் திரும்பும்போது தேவநாதனும் அவன் மனைவி சத்யப்பிரியாவும் பேசிக்கொண்டது இது. கத்தி வைக்காமலே சிறுநீரகக் கல்லை உடைத்தாகிவிட்டது, தூள் தானாக வெளியேறிவிடும் என்ற நிம்மதியில் ஜன்னலோரம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

ஐந்தாம் நாள் காலை அவள் உடம்பு கொதித்தது. கட்டிலே ஆடும்படி குளிர் நடுக்கம். சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

“உடைஞ்ச தூளெல்லாம் சிறுநீர்க் குழாயில வரிசையா அடைச்சிக்கிச்சு,” என்றார் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா. “மேல சிறுநீர் தேங்கி சீழ் புடிச்சிருக்கு. உடனே உள்ள ஒரு சின்ன டியூப், ஸ்டென்ட் வைக்கணும். சாயங்காலம் வரைக்கும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. தண்ணி ஒழுங்கா குடிச்சாங்களா?”

“மூணு பாட்டில் மேடம். காலி பாட்டில தினம் நானே பாத்தேன்.”

சம்மதப் படிவத்தில் ‘தே’ என்று எழுதியவனுக்கு அடுத்த எழுத்து வரவில்லை. நர்ஸ் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் மதியம் காய்ச்சல் இறங்கி அவள் கண் திறந்து பேசினாள்.

“ரொம்ப பயந்துட்டீங்களா?”

“அத விடு. மூணு பாட்டிலும் குடிச்சியா பிரியா?”

அவள் போர்வை நுனியைத் திருகினாள். “ரெண்டு. மூணாவது முருங்க மரத்துக்கு ஊத்திட்டேன்.”

“என்னடி சொல்ற?”

“பொழுது சாஞ்சா நான் தண்ணியே குடிக்கறதில்லங்க. கல்யாணம் ஆனதுலேருந்து. ஹால்ல மாமா படுத்திருக்காரு, உங்க தம்பி படுத்திருக்காரு. அவுங்களத் தாண்டித்தான் பின்னால பாத்ரூமுக்குப் போவணும். கூச்சமா இருக்கும். விடியற வரைக்கும் அடக்கிப்பேன்.”

எட்டு வருஷம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கடையில், வீடு கட்டும் ஒவ்வொருவரிடமும் “பெட்ரூமோட ஒரு பாத்ரூம் சேத்துப் போட்டுருங்க சார்” என்று சொல்லி டைல்ஸ் விற்பவன் தேவநாதன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“மாமா பாத்துப் பாத்துக் கட்டுன வீடு. வந்த மருமவ சுவர இடிக்கச் சொல்றான்னு ஆயிடும். நீங்களும் கேக்கல.”

ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நகர்த்தி அவன் விரலைப் பிடித்தாள்.

“இப்ப கேக்குறேங்க. நம்ம ரூமுக்குள்ள எனக்கு ஒரு பாத்ரூம் கட்டித் தாங்க.”