எதிர்வீட்டு விமான நிலையம்

பனாமாவுக்குப் புறப்பட்ட அய்யம்மாள் எதிர்வீட்டில் போய் மாட்டிக்கொண்டாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், வரட்டும். அந்த அறுபத்து மூன்றாம் வருசம் திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கத்துச் சந்தில் குடியிருந்தவர்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவள் புருசன் சுருளிவேல் மதராசில் ஒரு சேட்டு ஜவுளிக்கடையில் துணி மடிக்கச் சேர்ந்தவன். சேட்டுக்குப் பனாமாவிலும் கடை இருந்தது. கைசுத்தமான பையன் என்று அங்கே அனுப்பிவிட்டார். போனவன் விமானத்தில் வந்து அய்யம்மாளைக் கட்டினான். ஒரு மாதம் மாமனார் வீட்டிலேயே கிடந்து, பார்த்த ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டுத் திரும்பப் பறந்துவிட்டான். இப்போது அவளுக்கும் டிக்கெட் வந்திருந்தது. பம்பாய் வரைக்கும் போய்விட்டால் சேட்டு வீட்டுப் பெண்கள் கூட வருவார்கள். அதற்கப்புறம் எத்தனை கடலோ, யார் கண்டது.

பயண நாள் நல்லதாக இல்லை என்று பரஸ்தானம் இருக்கச் சொன்னார்கள். நல்ல வேளை பார்த்துப் பெட்டியோடு வீட்டை விட்டு இறங்கி, இன்னொரு வீட்டில் போய் இருந்துகொள்வது. அங்கிருந்து எந்த நாளில் கிளம்பினாலும் குற்றமில்லை. ஆனால் இறங்கினவர்கள் தங்கள் வீட்டு வாசப்படியைத் திரும்ப மிதிக்கக் கூடாது. மிதித்தால் பயணம் கெட்டது. போகிற திசையில் உள்ள வீடாகவும் பார்க்கவேண்டும். பனாமாவுக்குக் கிழக்கே போனாலும் போய்விடலாம், மேற்கே போனாலும் போய்விடலாம் என்று சுருளிவேல் சொல்லி வைத்திருந்தான்.

"அப்ப எதிர்த்த வீடே போதும்" என்றாள் அம்மா கருப்பம்மாள்.

எதிர்த்த வீடு உம்மு சல்மாவுடையது. மகன் நூர் முகமது ஒரு தோல் மண்டி முதலாளிக்குக் கார் ஓட்டினான். "நம்ம வீட்டுக்கு வர நல்ல நேரம் எதுக்குடி, நீ வாறதே நல்ல நேரம்தான்" என்று அந்த அம்மாள் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்.

எல்லாம் சரி, அய்யாதான் சரியில்லை. அய்யம்மாளின் அப்பா கண்ணுசாமி, தோல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர், வண்டியிலிருந்து விழுந்ததில் இடுப்பு போய்க் கயிற்றுக் கட்டிலோடு கிடந்தார். ஒற்றைப் பிள்ளையைக் கண்காணாத சீமைக்கு அனுப்ப அவருக்கு மனசில்லை. அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். போயிட்டு வா என்று ஒரு வார்த்தை வரவில்லை. நல்ல நேரம் போகுது, போகுது என்று கருப்பம்மாள் அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

மறுநாள் மதுரை டிக்கெட் ஆபீசிலிருந்து ஆள் வந்தான். அம்மை குத்தி ஒரு வாரம் ஆகாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்களாம், அடுத்த வாரம்தான் இடமாம். ஊசியை முன்கூட்டியே போட்டிருக்கலாம். மாசித் திருவிழா முடியாமல் அம்மை குத்தினால் மாரியாத்தா கோவிச்சுக்குவா என்று தள்ளிப்போட்டது கருப்பம்மாள்தான். அவளை யார் கேட்பது?

ஆக, அய்யம்மாள் புறப்பட்டுவிட்டாள், போகவுமில்லை. உம்மு சல்மா வீட்டு நிலைப்படியில் தலையைச் சாய்த்துத் தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சாணி தெளிப்பதும், கோழியை விரட்டுவதும், யாரோ ஒருத்தர் வீட்டில் நடப்பதுபோல இருந்தது. ஊசி போட்ட கை வீங்கி, லேசான காய்ச்சல் வேறு. வெயிலில் தெரு உருகி ஓடுவதுபோலத் தெரிந்தது.

அப்போதெல்லாம் சுருளிவேல் சொன்னதுதான் ஞாபகம் வரும். விமான நிலையத்தில் பெரிய கூடம் உண்டாம், சுவரெல்லாம் கண்ணாடியாம். முத்திரை குத்தி உள்ளே விட்டபிறகு வெளியே வரமுடியாதாம். எந்த ஊரும் இல்லாத சனங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே தூங்குவார்களாம். வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விடமாட்டார்களாம். அவர்கள் மாடியில் நின்று கைக்குட்டையை ஆட்டுவார்களாம். விமானத்துக்குள் இருப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாதாம், ஆனாலும் ஆட்டுவார்களாம்.

கண்ணை மூடினால் அந்தக் கூடத்தில் இருந்தாள். சந்தில் வீசும் தோல் ஊறப்போட்ட வாடை அங்கேயும் வந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட ஒருத்தி நடந்து வந்து, உன் அய்யா என்ன சொன்னாரு என்று கேட்டாள். ஒண்ணும் சொல்லலையே என்றாள் அய்யம்மாள். அப்ப ஏற முடியாதே என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் விமானங்கள் மாடுகளைப்போல அசைபோட்டு நின்றன.

"ஏ புள்ள, எந்திரிச்சுக் கஞ்சியக் குடி. பகல் கனவு கண்டா பனாமா வந்துருமா?" என்று உம்மு சல்மா உலுக்கினாள்.

"அக்கா, நான் போகலக்கா."

"என்னத்தைப் போகல?"

"அய்யா முகத்தைப் பாக்காம எப்படிப் போவேன்? திரும்பி வாறப்ப அவரு இருப்பாரா?"

உம்மு சல்மா கஞ்சியைக் கீழே வைத்தாள்.

அய்யம்மாள் எழுந்தாள். பயணம் கெட்டால் கெடட்டும். ஒரு மாதம் சிரிக்கச் சிரிக்கப் பேசிய சுருளிவேல் கண்ணில் வந்து நின்றான். இருந்தும் தெருவில் இறங்கினாள். நாலு எட்டுத் தெரு, கடக்கக் கடக்கப் போய்க்கொண்டே இருந்தது. தன் வீட்டு வாசலுக்கு வந்து காலைத் தூக்கினாள்.

"நில்லு."

உள்ளே இருட்டில் அய்யாவின் குரல்.

"வாசப்படியத் தாண்டாத. போ அங்கிட்டு."

தூக்கின கால் அப்படியே நின்றது. பெற்றவனே விரட்டினால் என்ன செய்ய? அவள் திரும்பி வந்து பெட்டிமேல் விழுந்து அழுதாள். இம்புட்டுக் கோபமா அய்யாவுக்கு, இம்புட்டுக் கோபமா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் யாரோடும் பேசவில்லை. போகச் சொன்னவரோடு இருந்து என்ன பிரயோசனம் என்று கிளம்பவே முடிவு செய்தாள்.

கிளம்பும் நாள் விடிந்து வெயில் ஏறியது. முதலாளியின் காரை நூர் முகமது சந்து முனையில் கொண்டுவந்து நிறுத்தினான். நிறுத்தியவன் இந்தப்பக்கம் வராமல் அய்யம்மாள் வீட்டுக்குள் நுழைந்தான். செத்த நேரத்தில் கயிற்றுக் கட்டில் ஒன்று வாசலில் ஆடிக்கொண்டு வந்தது. முன்னால் நூர் முகமது, பின்னால் கருப்பம்மாள். மேலே, வெளுத்த துண்டும் புதுச் சவரமுமாகக் கண்ணுசாமி. வெளிச்சம் பார்த்து வருசக்கணக்கானதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள கொண்டாங்க, உள்ள கொண்டாங்க" என்று உம்மு சல்மா பாயை உதறினாள்.

"வேணாம் தாயி. இங்கனயே இறக்குங்க" என்றார். கட்டிலை நிலைப்படிக்கு வெளியே இறக்கினார்கள். மகளை அண்ணாந்து பார்த்தார்.

"வழியனுப்ப வந்தவுகள உள்ள விடமாட்டாகன்னுல்ல மாப்பிள்ளை சொன்னாரு."

மாப்பிள்ளை இருந்த அந்த ஒரு மாதமும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுசன் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார்.

"அய்யா, அன்னைக்கு என்னைய விரட்டினீகளே."

"நீ உள்ள வந்துட்டா அம்புட்டும் கெட்டுப்போகும்ல. எனக்குத்தான் நீ போக மனசில்ல. போகாம இருக்கவும் மனசில்ல, தாயி." நிலைப்படிக்கு மேலாகக் கையை நீட்டி அவள் வீங்கின கையைத் தடவினார். "வலிக்குதா?"

"இல்லய்யா."

"போயிட்டு வா" என்றார்.

கார் கிளம்பியது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நடுத்தெருவுக்கு நகர்த்திப் போட்ட கட்டில். அதில் ஒரு கையை ஊன்றி எழும்பி, வெளுத்த துண்டை எடுத்து அவர் ஆட்டிக்கொண்டிருந்தார். மாட்டு வண்டிகள் அவருக்காக ஒதுங்கிப் போயின. கார் தூரம் போய்விட்டது, உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டே ஆட்டியிருப்பார்.

அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மதுரையில் ஏறி, பம்பாயில் மாறி, கீழே வெறும் மேகமாக இருந்தபோதும் தெரிந்தது.